கனமான கேரவனை ஃபோர் வீல் டிரைவில் இழுப்பது: ஆஸ்திரேலியச் சாலைகளுக்கான முழு வழிகாட்டி

ஆஸ்திரேலியாவில் முழு கார் லைசென்ஸ் கையில் இருந்தால், மூன்றரை டன் கேரவனை (காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சக்கர வீடு) வாங்கிய அன்றே வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போய்விடலாம். தனித் தேர்வு கிடையாது, பயிற்சியும் கட்டாயமில்லை. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ ஓட்டிப் பழகி இங்கே வந்த நம்மவர்களில் பலர் அதுவரை காருக்குப் பின்னால் எதையும் கட்டி இழுத்திருக்க மாட்டார்கள். பள்ளி விடுமுறை வந்ததும் கேரவனோடு கிளம்பும் தமிழ்க் குடும்பங்களை இப்போது பார்க்க முடிகிறது. அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். படகு டிரெய்லர், குதிரை டிரெய்லர் என்று எதை இழுத்தாலும் கணக்கு ஒன்றுதான். சில விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கிளம்புமுன் உங்கள் மாநிலப் போக்குவரத்துத் துறையின் விதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முதலில் எடைக் கணக்கு

லேண்ட் குரூசர் 300, பேட்ரோல், ரேஞ்சர், டி-மேக்ஸ், ஹைலக்ஸ் என்று இங்கே விற்கும் பெரிய ஃபோர் வீல் டிரைவ்களின் விளம்பரத்தில் 3500 கிலோ இழுக்கும் என்று போட்டிருப்பார்கள். பொய்யில்லை. ஆனால் அது ஒரு உச்சவரம்பு மட்டுமே. உங்கள் குடும்பத்தையும் சாமானையும் ஏற்றிய பிறகு அந்த வண்டி சட்டப்படி எவ்வளவு இழுக்கலாம் என்பது வேறு கணக்கு. பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான்.

நான்கு எடைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். வண்டி தன் சக்கரங்களில் தாங்கக்கூடிய அதிகபட்ச மொத்த எடை ஜிவிஎம். ஆள், சாமான், டீசல், முன்னால் மாட்டிய புல் பார், பின்னால் டோ பாலில் (கேரவனை மாட்டும் இரும்புப் பந்து) கேரவன் அழுத்தும் எடை எல்லாம் இதில் அடக்கம். கேரவன் தனியாக நிற்கும்போது, எல்லாச் சாமானும் ஏற்றிய நிலையில் அதற்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை ஏடிஎம். வண்டியோடு மாட்டியபின் கேரவனின் சக்கரங்கள் மட்டும் தாங்கும் எடையின் வரம்பு ஜிடிஎம். வண்டியும் கேரவனும் சேர்ந்து எவ்வளவு இருக்கலாம் என்பது ஜிசிஎம். கடைசியாகச் சொன்னதைத்தான் விற்பனையாளர்கள் அதிகம் பேசமாட்டார்கள்.

ஒரு யூட்டை (பின்னால் சாமான் தட்டு உள்ள பிக்அப் வண்டி) எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக வைத்துக்கொண்ட எண்கள்தான், ஆனால் சந்தையில் உள்ள வண்டிகளுக்கு நெருக்கமானவை. வெறும் வண்டியின் எடை 2150 கிலோ, ஜிவிஎம் 3100, ஜிசிஎம் 6000, இழுக்கும் திறன் 3500. ஜிவிஎம்மை மட்டும் பார்த்தால் 950 கிலோ ஏற்றலாம் போலத் தோன்றும். இப்போது 3500 கிலோ கேரவனை மாட்டுங்கள். 6000-லிருந்து 3500 போனால் வண்டிக்கு மிச்சம் 2500. அதில் வண்டியே 2150. ஆக ஆளுக்கும் சாமானுக்கும் கிடைப்பது 350 கிலோ. பெரியவர்கள் இரண்டு பேர், வளர்ந்த பிள்ளைகள் இரண்டு பேர் ஏறினாலே 280 கிலோ வந்துவிடும். புல் பாரும் இரண்டாவது பேட்டரியும் மாட்டினால் வரம்பைத் தாண்டியாகிவிட்டது. கூரை ரேக், ஃபிரிட்ஜ், டூல் பாக்ஸ் எதையும் நான் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

அதனால் என் உறுதியான கருத்து: 3500 திறன் கொண்ட வண்டிக்கு 2500 முதல் 2800 கிலோ ஏடிஎம் உள்ள கேரவன்தான் பொருத்தம். முழு வரம்பில் இழுக்க வேண்டுமென்றால் வண்டியில் ஏறக்குறைய எதையும் ஏற்றாமல் போகத் தயாராக இருக்க வேண்டும்.

ஸ்பிரிங் மாற்றி ஜிவிஎம்மைக் கூட்டிக்கொள்ளலாம் என்று கடையில் சொல்வார்கள். சட்டப்படி செய்யக்கூடிய காரியம்தான். ஆனால் ஜிவிஎம் கூடினால் ஜிசிஎம் தானாகக் கூடாது. மேலே சொன்ன யூட்டுக்கு ஜிவிஎம்மை 3500 ஆக்கினாலும் 3500 கிலோ கேரவனோடு அதே 350 கிலோதான்.

எடை மேடையில் ஒரு காலை

தட்டில் பொறித்திருக்கும் எண்ணை நம்பிக் கிளம்பாதீர்கள். கேரவனின் டிராபாரில் (முன்னே நீளும் இணைப்புச் சட்டம்) இருக்கும் தட்டில் டேர் என்று போட்டிருப்பது வெற்று எடை. தண்ணீர் அதில் சேராது, காஸ் சேராது. பிறகு பொருத்திய ஏசி, சோலார், ஆனிங் (நிழல் கூரை) பல சமயம் சேர்ந்திருக்காது. தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. 95 லிட்டர் தொட்டி இரண்டு நிறைந்தால் 190 கிலோ. இரட்டை அச்சுக் கேரவன்கள் பலவற்றில் மொத்தமாக ஏற்றக்கூடியதே 400, 500 கிலோதான் என்பதை வைத்துப் பார்த்தால் தொட்டி எவ்வளவு தின்கிறது என்று புரியும்.

பயணத்துக்குப் போவது போலவே எல்லாவற்றையும் ஏற்றி, ஆட்களும் உட்கார்ந்து, பொது எடை மேடைக்குப் போங்கள். முதலில் கேரவன் மாட்டிய நிலையில் வண்டியின் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்க ஒரு எடை. இதை ஜிவிஎம்மோடு ஒப்பிடுங்கள். அப்புறம் முன்னே நகர்ந்து, மாட்டியபடியே கேரவனின் சக்கரங்கள் மட்டும் மேடையில். அது ஜிடிஎம்முக்கு உட்பட்டிருக்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் வருவதை ஜிசிஎம்மோடு பாருங்கள். கடைசியாகக் கேரவனைக் கழற்றி, ஜாக்கி வீலும் (டிராபாரைத் தாங்கும் சிறு சக்கரம்) மேடையில் இருக்க, தனியாக நிறுத்தினால் அதன் மொத்த எடை கிடைக்கும். அதிலிருந்து மாட்டியபோது சக்கரங்களில் இருந்த எடையைக் கழித்தால் டோ பாலில் எவ்வளவு அழுத்துகிறது என்பது தெரிந்துவிடும். மேடைக்காரர் அனுமதித்தால் வண்டியின் பின் அச்சை மட்டும் தனியே நிறுத்துங்கள். அந்த எண்தான் அடுத்த விஷயத்துக்குத் தேவை. எடை போடும் கருவியோடு வீட்டுக்கே வருபவர்களும் இருக்கிறார்கள். கொஞ்சம் பணம் ஆகும், கொடுக்கத் தகுந்த பணம்.

பந்தில் இறங்கும் எடையும் பின் அச்சும்

டோ பாலில் அழுத்தும் எடை கேரவன் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்க வேண்டும் என்பது ஆஸ்திரேலியாவில் பொதுவான கணக்கு. 3500 கிலோவுக்கு 350. மிகக் குறைந்தால் கேரவன் வாலாட்டத் தொடங்கும். மிக அதிகமானால் வண்டியின் முதுகு ஒடியும். டோ பாருக்கும் (பந்தைத் தாங்கும் சட்டம்) வண்டிக்கும் தனித்தனி வரம்புகள் உண்டு. எது குறைவோ அதுதான் உங்கள் வரம்பு.

அந்த 350 கிலோ பின் சக்கரத்துக்கு மேலே உட்கார்வதில்லை. அதற்கும் ஒன்றேகால் மீட்டர் பின்னால் தொங்குகிறது. அச்சுகளுக்கு இடையே 3.1 மீட்டர் உள்ள வண்டியில் நெம்புகோல் கணக்குப்படி பின் அச்சில் ஏறுவது 350 இல்லை, சுமார் 490 கிலோ. கூடுதலான அந்த 140 கிலோ முன் அச்சிலிருந்து தூக்கப்படுகிறது. திருப்புவதும் பிரேக்கின் பெரும்பகுதியும் முன் சக்கரங்களின் வேலை. ஸ்டியரிங் லேசாக, மிதப்பது போல இருந்தால் காரணம் இதுதான். இரவில் எதிரே வருபவர்கள் உங்கள் ஹெட்லைட்டுக்குக் கோபப்பட்டு விளக்கை அடித்துக் காட்டினால் அதற்கும் இதே காரணம். ஜிவிஎம்முக்குள் இருந்தும் பின் அச்சு தன் தனி வரம்பைத் தாண்டியிருப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. யூட்டின் தட்டில் கனமான டூல் பாக்ஸ்களை டெயில் கேட்டுக்குப் பக்கத்தில் வைப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சேசிஸ் வளைந்த யூட்களின் பிரச்சினையும் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

பின்புறம் தாழ்ந்திருக்கிறதே என்று ஸ்பிரிங்குக்குள் ஏர் பேக் போட்டு உயர்த்துகிறார்கள். வண்டி மட்டமாகத் தெரியும். முன் அச்சில் குறைந்த எடை திரும்பி வராது. அதைத் திருப்பிக் கொடுப்பது எடையைப் பகிரும் ஹிட்ச். ஸ்பிரிங் கம்பிகளை இறுக்கும்போது வண்டியின் பின்பகுதி தூக்கப்பட்டு, எடையின் ஒரு பகுதி முன் சக்கரங்களுக்கும் இன்னொரு பகுதி கேரவன் சக்கரங்களுக்கும் போகும். மாட்டுவதற்கு முன் முன்சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மாட்டியதும் அந்த அளவு கூடியிருக்கும். வண்டிக் கையேடு சொல்லும் அளவுக்கு அது திரும்பி இறங்கும்வரை கம்பியை இறுக்குங்கள். சில வண்டி நிறுவனங்கள் இந்த ஹிட்ச்சை அனுமதிப்பதில்லை, சில கட்டாயம் என்கின்றன. கையேட்டைப் பாருங்கள். மேடுபள்ளமான மண் பாதையிலும் செங்குத்தாக ஏறி இறங்கும் இடத்திலும் கம்பிகளைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த அழுத்தம் முழுக்க டோ பாரிலும் சேசிஸிலும் இறங்கும்.

எதை எங்கே வைப்பது

கனமானவை கேரவனின் அச்சுக்கு மேலே, தரையோடு தரையாக. லேசானவை மேல் அலமாரியில். இதை எல்லாரும் சொல்வார்கள், ஏன் என்று தெரிந்தால்தான் மனம் ஒப்பும். கேரவன் பக்கவாட்டில் ஆட ஆரம்பித்தால் அதை நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பது, எடை அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதன் இருமடியைப் பொறுத்தது. 35 கிலோ ஸ்டெப்னி அச்சிலிருந்து அரை மீட்டரில் இருந்தால் அதன் பங்கு (35 × 0.5 × 0.5) சுமார் 9. அதையே மூன்றரை மீட்டர் தள்ளிப் பின் பம்பரில் மாட்டினால் சுமார் 430. எடை மாறவேயில்லை, விளைவு 49 மடங்கு. போதாதற்கு, அச்சிலிருந்து டோ பால் 5 மீட்டரில் இருக்கும் கேரவனில் அதே சக்கரம் பந்தின் எடையில் ஏறக்குறைய 25 கிலோவைக் குறைத்துவிடும். பின் பம்பரில் இரண்டு ஸ்டெப்னி, நான்கு சைக்கிள், ஜெனரேட்டர் பெட்டி என்று அடுக்கியிருப்பதைப் பார்த்தால் எனக்கு மனம் பதறும். தராசில் பத்து சதவீதம் சரியாக வந்தாலும், இரண்டு முனைகளிலும் கனம் ஏற்றிச் சமன் செய்த கேரவன் ஆபத்தானதுதான்.

தண்ணீர்த் தொட்டி அச்சுக்கு முன்னால் இருந்தால், காலியாகக் காலியாகப் பந்தின் எடையும் குறையும். பின்னால் இருந்தால் நேர்மாறு. கழிவுநீர்த் தொட்டி பெரும்பாலும் எதிர்ப்பக்கம் இருக்கும். முகாமிலிருந்து புறப்படும் நாளில் இதை யோசித்து, எதை நிரப்புவது எதைக் காலி செய்வது என்று முடிவு செய்யுங்கள்.

பிரேக்

சட்டம் இப்படி: ஜிடிஎம் 750 கிலோ வரை டிரெய்லருக்குத் தனி பிரேக் தேவையில்லை. அதற்கு மேல் 2000 கிலோ வரை ஓர் அச்சின் சக்கரங்களிலாவது பிரேக் வேண்டும். 2000-ஐத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் இருக்க வேண்டும், ஓட்டுநர் இருக்கையிலிருந்து இயக்க முடிய வேண்டும். அதோடு, டிரெய்லர் கழன்றுவிட்டால் தானாகப் பிரேக் பிடித்து, குறைந்தது 15 நிமிடம் பிடித்துக்கொண்டே இருக்கும் பிரேக்அவே அமைப்பும் வேண்டும். கழன்றபின் அந்தப் பிரேக்கைப் பிடித்து வைப்பது கேரவனில் உள்ள ஒரு பேட்டரி. மாதக்கணக்கில் நின்ற கேரவனில் அது செத்துக் கிடக்கலாம். கிளம்புமுன் பிரேக்அவே கம்பியின் பின்னை இழுத்துச் சோதியுங்கள். வண்டியை மெல்ல நகர்த்தப் பார்த்தால் கேரவன் பிடித்து நிற்க வேண்டும்.

டாஷ்போர்டில் பொருத்தும் மின் பிரேக் கன்ட்ரோலரைச் சரியாக அமைப்பது தனி வேலை. ரெட்ஆர்க், டெகோன்ஷா போன்றவை இங்கே புழக்கத்தில் உள்ளவை. ஆள் நடமாட்டம் இல்லாத, நேரான, மட்டமான இடத்துக்குப் போய் முதலில் சில முறை பிரேக் பிடித்து டிரம்களைச் சூடாக்குங்கள். பிறகு 30, 40 கிலோமீட்டர் வேகத்தில் கேரவன் பிரேக்கை மட்டும் கையால் இயக்கும் கன்ட்ரோலர் பொத்தானை அழுத்துங்கள். கேரவன் பின்னாலிருந்து நன்றாக இழுத்துப் பிடிப்பது முதுகில் தெரிய வேண்டும். சக்கரம் பூட்டிக்கொண்டு தேய்ந்தால் அளவைக் குறையுங்கள். பூட்டிக்கொள்ளும் நிலைக்குச் சற்றுக் கீழேதான் சரியான இடம். கேரவன் காலியாக இருக்கும்போது ஓர் அளவு, நிறைந்திருக்கும்போது வேறு அளவு. மழையில் குறைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பொத்தான் இருட்டிலும் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். ஒருநாள் அதைப் பார்க்காமலே தேட வேண்டி வரும்.

மாட்டும் முறை

அவசரத்தில் செய்யக் கூடாத வேலை இது. பேச்சுக் கொடுத்துக்கொண்டே செய்யவும் கூடாது. யாராவது நடுவில் கூப்பிட்டுவிட்டால் மறுபடி முதலிலிருந்து பாருங்கள்.

கேரவன் சக்கரத்துக்குக் கட்டை போட்டபடி வண்டியைப் பின்னால் கொண்டுபோய், கப்ளிங்கை (டிராபார் முனையில் பந்தைப் பிடிக்கும் பூட்டு) பந்தின் மேல் இறக்கிப் பூட்டுங்கள். பூட்டு விழுந்த சத்தம் கேட்டது என்று விட்டுவிடாதீர்கள். ஜாக்கி வீலை எதிர்ப்பக்கம் சுற்றி டிராபாரை உயர்த்துங்கள். வண்டியின் பின்பகுதி ஸ்பிரிங்கோடு இரண்டு விரல் அளவு சேர்ந்து மேலே வந்தால் கப்ளிங் பிடித்திருக்கிறது. வராமல் கப்ளிங் மட்டும் எழும்பினால் அது பந்தின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. முதல் மேட்டில் கழன்றுவிடும்.

அடுத்து சங்கிலி. 2500 கிலோவுக்கு மேல் இரண்டு சங்கிலிகள் கட்டாயம். டிராபாருக்கு அடியில் குறுக்காகப் போட்டு மாட்டினால், கப்ளிங் கழன்றாலும் டிராபார் தரையில் குத்தாமல் சங்கிலித் தொட்டிலில் விழும். தரையில் உரசக் கூடாது, திரும்பும்போது இழுபடவும் கூடாது. ஷாக்கிளில் (சங்கிலியை வண்டியோடு மாட்டும் வளையம்) தாங்கும் எடை பொறித்திருக்க வேண்டும். ஹார்டுவேர் கடையில் குவித்து வைத்திருக்கும் எடை குறிக்காத ஷாக்கிள் வேண்டாம். பிரேக்அவே கம்பியைச் சங்கிலியில் மாட்டாமல் வண்டியிலேயே தனியாக மாட்டுங்கள். அப்புறம் விளக்குக்கான பிளக், பேட்டரி சார்ஜுக்கான ஆண்டர்சன் பிளக். ஜாக்கி வீலைக் கழற்றி உள்ளே போடுங்கள். கேரவனின் கைப்பிரேக்கை விடுங்கள், கட்டையை எடுங்கள். ஒருவர் பின்னால் நின்று எல்லா விளக்கும் எரிகிறதா என்று சொல்லட்டும். கூரைச் சாளரம், படி, காஸ் வால்வு, ஃபிரிட்ஜ் கதவு. முழு வண்டியையும் ஒரு சுற்று நடந்து பார்த்தபின் ஏறுங்கள்.

கண்ணாடியைப் பற்றி ஒரே வார்த்தை: கேரவன் உங்கள் வண்டியை விட அகலமானது, அதன் இரு பக்கமும் பின்னால் வருவதும் தெரியும்படி நீட்டுக் கண்ணாடி மாட்டாமல் ஓட்டாதீர்கள்.

டயர்

காற்றை வண்டி குளிர்ந்திருக்கும்போதே பாருங்கள். கனம் இழுக்கும்போது பின் டயர்களுக்கு அதிகம் வேண்டும். கதவோரத் தட்டிலும் டயரின் பக்கவாட்டிலும் உள்ள வரம்புக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓடியபின் மறுபடி அளந்தால் சாதாரண டயரில் 4 பிஎஸ்ஐ, கனரக எல்டி டயரில் 6 பிஎஸ்ஐ வரை ஏறியிருக்கலாம். அதைவிட அதிகம் ஏறியிருந்தால் காலையில் காற்று போதவில்லை, டயர் நசுங்கிச் சூடாகியிருக்கிறது என்று பொருள். கேரவன் டயர்கள் அதிகம் ஓடாமல் வெயிலில் நின்றே கெடுபவை. தேய்மானத்தைப் பார்த்து ஏமாறாமல் தயாரித்த ஆண்டைப் பாருங்கள். டயருக்கும் ஹப்புக்கும் (சக்கரத்தின் நடுப்பகுதி) அழுத்தமும் சூடும் காட்டும் கருவி இருந்தால் நல்லது. இல்லையென்றால் நிற்கும்போதெல்லாம் புறங்கையை ஹப் அருகே கொண்டுபோங்கள். மற்றவற்றை விட ஒன்று மட்டும் கொதித்தால் பேரிங் போகிறது, அல்லது பிரேக் விடாமல் பிடிக்கிறது.

ஓட்டும்போது, வால் ஆடும்போது

நியூ சவுத் வேல்ஸில் ஜிசிஎம் 4.5 டன்னுக்கு மேற்பட்ட தொடர் (வண்டியும் கேரவனும் சேர்ந்தது) மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. வரம்பு என்னவாக இருந்தாலும் என் பரிந்துரை 90. வேகம் 80-லிருந்து 100 ஆனால் நிறுத்த வேண்டிய ஆற்றல் 56 சதவீதம் கூடுகிறது. அதைவிட முக்கியம், ஒவ்வொரு வண்டி-கேரவன் ஜோடிக்கும் ஒரு வேகம் உண்டு. அதற்குக் கீழே ஆட்டம் தானாக அடங்கும், அதற்கு மேலே ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதை விடப் பெரிதாகும். உங்கள் ஜோடிக்கு அது எந்த வேகம் என்று சாலையில் சோதித்துப் பார்க்க முடியாது. தள்ளியே இருப்பது ஒன்றுதான் வழி.

மொத்த நீளம் 7.5 மீட்டரைத் தொட்டால் நீங்களும் நீள வண்டிதான். ஊருக்கு வெளியே திசைக்கு ஒரே தடம் உள்ள சாலையில் முன்னே போகும் இன்னொரு நீள வண்டிக்கு 60 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது விதி. ரோட் டிரெய்ன் (பல டிரெய்லர்களை இழுக்கும் நீள லாரி) ஓடும் பகுதிகளில் அது 200 மீட்டர். பின்னால் கார்கள் சேர்ந்துவிட்டால் அடுத்த ஒதுங்கிடத்தில் நின்று வழிவிடுங்கள். யுஎச்எஃப் ரேடியோவில் லாரிக்காரர்கள் 40-ஆம் சேனலில் பேசுவார்கள், கேரவன்காரர்கள் 18-இல். முந்த நினைக்கும் லாரிக்கு 40-இல் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அவர் வெளியே வந்தபின் காலைக் கொஞ்சம் தளர்த்தினால் வேலை சீக்கிரம் முடியும். 53.5 மீட்டர் ரோட் டிரெய்ன் கடக்கும்போது அதன் முன்காற்று முதலில் உங்கள் கேரவனைத் தள்ளும், பிறகு பக்கக் காற்று உள்ளே இழுக்கும். இது வரும் என்று தெரிந்திருந்தால் ஸ்டியரிங்கைப் பதறாமல் பிடித்துக்கொள்ளலாம்.

சரி, ஆட்டம் தொடங்கிவிட்டது. கால் தானாக பிரேக்குக்குப் போகப் பார்க்கும், போக விடாதீர்கள். வண்டி மெதுவாகிக் கேரவன் பின்னாலிருந்து தள்ளினால் மடங்கிவிடும். ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பி ஆட்டத்தைச் சரிசெய்யவும் பார்க்காதீர்கள். உங்கள் கை எப்போதும் அரை நொடி பின்தங்கியே இருக்கும், ஆட்டத்துக்கு நீங்களே ஊக்கம் கொடுப்பீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலைத் தளர்த்துங்கள். கன்ட்ரோலர் பொத்தானை மட்டும் அழுத்திக் கேரவனின் பிரேக்கைப் பிடியுங்கள். கேரவன் பின்னாலிருந்து இழுபட்டால் தொடர் நேராகும். அடங்கியதும் நின்று காரணத்தைத் தேடுங்கள்: காற்று இறங்கிய டயர், நகர்ந்த சாமான், காலியான முன் தொட்டி. புதிய கேரவன்களில் ஆட்டத்தை உணர்ந்து தானே பிரேக் பிடிக்கும் அமைப்பு வருகிறது. இருந்தால் நல்லது. தவறாக ஏற்றிய லோடை அது சரியாக்கிவிடாது.

இறக்கம்

ஏற்றத்தில் வண்டி திணறினால் வேகம்தான் குறையும். உயிருக்கு உலை இறக்கத்தில்தான். டூவூம்பா மலைச்சாலை, உல்லங்காங்குக்கு இறங்கும் மவுண்ட் ஊஸ்லி போன்ற இடங்களில் லாரிகளுக்குத் தனி எச்சரிக்கைப் பலகைகள் இருக்கும். அவை உங்களுக்கும்தான் என்று படியுங்கள்.

ஆறு டன் தொடர் பத்துக்கு ஒன்று சரிவில் 60 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால், அந்த வேகத்தைக் கூடவிடாமல் வைத்திருக்கவே ஏறக்குறைய 100 கிலோவாட் ஆற்றலை எங்காவது தள்ள வேண்டும். வீட்டில் தண்ணீர் காயவைக்கும் மின்கெட்டில் ஐம்பதை ஒரே நேரத்தில் கொதிக்கவிட்டதற்குச் சமம். பிரேக்கை மட்டும் நம்பினால் அவ்வளவு சூடும் சில கிலோ இரும்பில் இறங்கும். டிரம் சூட்டில் விரிந்து, பிடிமானம் போய், கடைசியில் பெடல் இருந்தும் பிரேக் இருக்காது.

எனவே உச்சி வருமுன்பே வேகத்தைக் குறைத்து கியரைக் கீழே கொண்டுவாருங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியில் மேனுவல் நிலைக்கு மாற்றி மூன்றிலோ இரண்டிலோ வையுங்கள். என்ஜின் சத்தம் கூடும், கூடட்டும், வேலை செய்கிறது என்று அர்த்தம். வேகம் ஏறினால் பிரேக்கை அழுத்தமாகப் பிடித்துப் பத்து, பதினைந்து கிலோமீட்டர் குறைத்துவிட்டு முழுதாக விடுங்கள். லேசாகத் தொட்டபடியே இறங்கினால் ஆற நேரமே கிடைக்காது. குரூஸ் கன்ட்ரோல் இறக்கத்தில் வேண்டவே வேண்டாம். கருகல் நாற்றம் வந்தால் அடுத்த ஒதுங்கிடத்தில் நின்று ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்காதீர்கள்.

மண்ணிலும் மணலிலும்

ஹைலக்ஸ் போன்ற பகுதிநேர ஃபோர் வீல் டிரைவை ஈரமில்லாத தார்ச்சாலையில் நான்கு சக்கரத்தில் ஓட்டக் கூடாது. மண் தொடங்கும் இடத்தில் மாற்றுங்கள். லேண்ட் குரூசர் 300 எப்போதும் நான்கிலும் ஓடுவது, அதற்கு இந்தக் கவலையில்லை. கிப் ரிவர் ரோடு, ஊட்னடாட்டா டிராக் போன்ற அலையலையான மண் பாதைகளில் வண்டி, கேரவன் இரண்டின் டயர் காற்றையும் குறைத்து, வேகத்தையும் குறைத்து, அடிக்கடி நின்று ஹப்பையும் ஷாக் அப்சார்பரையும் பாருங்கள். சாலைக்கென்று செய்த கேரவனை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

மணலில் 18, 20 பிஎஸ்ஐக்கு இறக்கும்போது பலர் கேரவன் டயரை மறந்துவிடுவார்கள். வண்டி மிதந்து போக, பின்னால் இறுகிய டயர் மணலை உழுது நங்கூரமாகும்.

மணலில் சிக்கிக்கொண்டால் டோ பாலில் ஸ்ட்ராப்பை (இழுவைப் பட்டை) போட்டு ஒருபோதும் இழுக்காதீர்கள். ஸ்னாட்ச் ஸ்ட்ராப்பின் திடீர் இழுப்புக்காக அந்தப் பந்து செய்யப்படவில்லை. தண்டு முறிந்தால் பந்து குண்டுபோலப் பறந்துவரும், ஆஸ்திரேலியாவில் இப்படியே ஆட்கள் இறந்திருக்கிறார்கள். எடை குறித்த மீட்புப் புள்ளியில் மட்டுமே மாட்டுங்கள். சுற்றி நிற்பவர்களை ஸ்ட்ராப்பின் நீளத்தை விட ஒன்றரை மடங்காவது தள்ளி நிற்கச் சொல்லுங்கள். கேரவனோடு சேர்த்து இழுப்பதை விட, முதலில் கழற்றி, வண்டியை மட்டும் இறுகிய தரைக்குக் கொண்டுபோய், அப்புறம் கேரவனை மெதுவாக இழுப்பதே நல்லது.

ரிவர்ஸும் கழற்றுவதும்

ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கை எந்தப் பக்கம் போகிறதோ கேரவனின் பின்பகுதியும் அந்தப் பக்கம் போகும். கொஞ்சம் திருப்பி, காத்திருந்து பாருங்கள். கோணம் அதிகமாகிவிட்டால் சமாளிக்கப் பார்க்காமல் முன்னே போய் நேராக்குங்கள். ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் தெரியும் பக்கமாகத் திரும்பும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். வெளியே நின்று வழிகாட்டுபவர் கண்ணாடியில் தெரியும் இடத்திலேயே நிற்கட்டும். அவர் தெரியவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். காலியான மைதானத்தில் ஒரு பிற்பகல் பழகினால் முகாமில் வீட்டுக்குள் சண்டை வராது.

கழற்றும்போது வரிசை தலைகீழ், ஆனால் ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். எதையும் கழற்றுமுன் சக்கரத்தின் இருபுறமும் கட்டை, கேரவனின் கைப்பிரேக். பிளக்குகளை எடுங்கள், ஜாக்கி வீலை இறக்குங்கள், கப்ளிங்கைத் திறந்து பந்திலிருந்து உயர்த்துங்கள். சங்கிலியும் பிரேக்அவே கம்பியும் அதுவரை வண்டியிலேயே இருக்கட்டும். கேரவன் அசையாமல் நிற்பதைப் பார்த்தபிறகு அவற்றை எடுத்துவிட்டு வண்டியை முன்னே நகர்த்துங்கள்.